"அக்கா, இது என்ன புழு?"

போன வருடம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் பதினோரு பேரும் நானும் மண்வெட்டி, கடப்பாரையோடு ஆலயத்தின் பின்புறத் தோட்டத்தில் நின்றிருந்தோம். மூலையில் ஒரு பேரி மரத்தின் அடிக்கட்டை உண்டு. மரத்தை வெட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. கட்டை மட்டும் பாதி மண்ணுக்குள் புதைந்து, பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டுத் தளக்கல் பதித்தால், ஆராதனை முடிந்ததும் வயதான அம்மாமார் சற்று வெயிலில் உட்காரலாம் என்பது திட்டம். செயற்குழுவின் ஒப்புதலும் வாங்கியாயிற்று. நல்ல காரியம்தான். நானே அதற்குக் கை தூக்கியவள்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு தம்பி குனிந்து எதையோ கையில் எடுத்தான். "அக்கா, இது என்ன புழு?"

அவன் உள்ளங்கை நிறைய ஒரு வெள்ளைப் புழு. என் நடுவிரலைவிடத் தடிமன். 'சி' எழுத்துப் போல வளைந்து, பால்நிற உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை, அதே நிறத்தில் ஆறு கால்கள். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் வேலிப்பக்கம் ஓடிவிட்டார்கள். தேநீர்க் கெட்டிலோடு வந்த நம் அங்கிள் ஒருவர் (யார் என்று உங்களுக்குத் தெரியும், சாவகச்சேரிப் பக்கம் தென்னங்காணி வைத்திருந்தவர்) எட்டிப் பார்த்தார். "பிள்ளையள், உதை விடாதேங்கோ. தென்னையை அழிக்கிற வண்டின்ர புழு உது. நசுக்குங்கோ!" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஊரில் எருக்குழியைக் கிளறினால் இதே உருவத்தில் குண்டுப் புழு வரும். அது காண்டாமிருக வண்டின் புழு. வளர்ந்து வண்டானபின் தென்னங்குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். பின்னால் விரிகிற ஓலை கத்திரியால் வெட்டினதுபோல முக்கோணமாக அறுந்திருக்கும். எங்கள் நாசரேத் பக்கமும் கொக்கிக் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுப்பார்கள். எருக்குழியில் புழுவைக் கண்டால் கோழிக்குப் போடுவார்கள். அங்கே அதுதான் சரி. ஆனால் நாங்கள் நின்றது தெற்கு லண்டனில். இங்கே தென்னையும் இல்லை, அந்த வண்டும் இல்லை.

எனக்கு அந்தப் புழுவைத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பாவ அறிக்கை செய்ய வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது வருடம், ஜூன் மாதம். இரவு டியூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டரை மணி நேரம் நின்ற கால்கள். வாசற்படியில் கறுப்பாக, பளபளவென்று ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கரப்பான் என்றே நினைத்தேன். வாடகை வீடு, வீட்டுக்காரரிடம் எலி, கரப்பான் என்று ஏற்கெனவே வாக்குவாதம். செருப்பைக் கழற்றி ஒரே அடி. சத்தம் மட்டும் கரப்பானுடையது இல்லை. பாக்கு உடைகிற சத்தம். பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி குப்பைத் தொட்டியோடு நின்றவர் என்னைத் திட்டவில்லை. "ஐயோ, அது முட்டையிட இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தது" என்று மட்டும் சொன்னார். அன்று பகல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

நான் அடித்தது ஸ்டாக் பீட்டில். தமிழில் மான்கொம்பு வண்டு என்று சொல்லலாம். லூக்கானஸ் செர்வஸ் என்பது விஞ்ஞானப் பெயர். பிரிட்டனில் நிலத்தில் வாழ்கிற வண்டுகளில் இதுதான் பெரியது. ஆண் வண்டு 75 மில்லிமீட்டர் வரை வளரும். அதன் தாடைகளே கலைமான் கொம்புபோல் நீண்டிருக்கும், செம்பழுப்பு நிறத்தில். பெண் 30 முதல் 50 மில்லிமீட்டர். கொம்பு இல்லை, சிறிய தாடைதான். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் கரப்பான் என்று நினைக்கிறோம். படம் போட்ட புத்தகங்களிலெல்லாம் ஆண் வண்டுதான் இருக்கும். பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

அந்தப் பெண் வண்டு என் வாசற்படிக்கு வந்து சேர எத்தனை காலம் எடுத்திருக்கும் என்று பாருங்கள். தாய் வண்டு மண்ணுக்கடியில், மக்கிப்போகிற மரக்கட்டைக்குப் பக்கத்தில் சுமார் இருபது முட்டை இடும். பொரித்த புழு அந்த மக்கிய மரத்தைத் தின்று 3 முதல் 7 வருடம் வரை இருட்டிலேயே வளரும். 110 மில்லிமீட்டர் வரை நீளும். பிறகு மரத்தை விட்டு விலகி மண்ணுக்குள் ஒரு கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகி, இலையுதிர் காலத்தில் முழு வண்டாகிறது. உடனே வெளியே வருமா? இல்லை. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள்ளேயே படுத்திருந்து, அடுத்த மே நடுப்பகுதிக்குப் பிறகு வெப்பம் ஏறியதும் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். வெளியுலகத்தில் அதற்குக் கிடைப்பது சில வாரங்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அநேகமாக எல்லாம் செத்துவிடும். அந்த வாரங்களில் அது திட உணவு எதையும் தின்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே ஓட்டும்; கசிகிற மரச்சாறோ விழுந்த கனிந்த பழமோ கிடைத்தால் நக்கும்.

அதாவது, ஒரு பிள்ளை ரிசப்ஷன் வகுப்பில் சேர்ந்து செகண்டரி ஸ்கூல் போகிற காலமளவு ஒரு உயிர் இருட்டில் வளர்ந்திருக்கலாம். நான் செருப்பெடுக்க இரண்டு விநாடி ஆனது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். அங்கிளிடம் நான் முதலில் வாதாடவில்லை. பெரியவர், பிள்ளைகள் முன்னால் மறுத்துப் பேசினால் நன்றாகவும் இருக்காது. "அங்கிள், ஊர்ப் புழு எதைத் தின்னும்? எருவைத்தானே? இதைப் பாருங்கள், இது எருவில் இல்லை, மரத்துக்குள் இருக்கிறது" என்று கட்டையின் பக்கவாட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். விவசாயி என்பதால் உடனே பிடித்துக்கொண்டார். "உயிர்மரத்தைத் தொடாதோ?" என்றார். தொடாது. வீட்டு நிலை, ஜன்னல், தரைப் பலகை எதற்கும் போகாது. செடியின் வேரையும் கடிக்காது. செத்து, ஈரமாகி, காளான் பிடித்த மரம் மட்டுமே அதன் சாப்பாடு.

அதற்குள் மண்வெட்டி வேலை நடந்துவிட்டிருந்தது. ஒன்பது புழுக்களை எண்ணினோம். இரண்டு, வெட்டுப்பட்டுவிட்டன. முதலில் கேட்ட தம்பி அந்த இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

தோட்டத்தில் இப்படிப் புழு அகப்பட்டால் என்ன செய்வது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வசந்தகாலத்தில் உங்களில் பலர் மண்ணைக் கொத்துவீர்கள். எடுத்த இடத்திலேயே, எடுத்த ஆழத்திலேயே, அதே மக்கிய மரத்தூளோடு திரும்ப மூடிவிடுவதுதான் முதல் சிகிச்சை. முடியவே முடியாது, கட்டடம் கட்டுகிறார்கள் என்றால், அதே தோட்டத்தில் நிழலான இடத்தில் குழி வெட்டி, அந்தப் பழைய மரத்துண்டுகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே போட்டு, புழுவை வைத்து மண்ணால் மூடலாம். வெயிலில் வைக்காதீர்கள், தோல் மெல்லியது, சீக்கிரம் வற்றிவிடும். வெறுங்கையால் தொடுவதானால் ஈரக்கையால், அதுவும் ஒருமுறை. ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுகிற ஆசை எனக்குப் புரியும், ஆனால் அதற்குப் படம் போதும்.

எல்லாக் குண்டுப் புழுவும் மான்கொம்பு வண்டின் புழு இல்லை. உரக் குவியலில், அதாவது கம்போஸ்டில் இருந்தால் அது பெரும்பாலும் ரோஸ் சேஃபர் என்கிற பச்சைப் பொன்னிற வண்டின் புழு. உடம்பைப் பார்க்க தலையும் காலும் சிறியதாக, ரோமம் நிறைந்திருக்கும். தரையில் விட்டால் மல்லாந்து முதுகாலேயே நகரும், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அது உரத்தை நல்லபடியாகச் செய்து தருகிற வேலைக்காரன், விட்டுவிடுங்கள். புல்தரையின் வேரைக் கடித்துக்கொண்டிருந்தால் அது சேஃபர் வண்டுகளில் இன்னொரு ரகமாக இருக்கும். தரைக்கு மேலே கிடக்கிற கட்டைக்குள், சற்றுச் சிறியதாக ஆரஞ்சுத் தலைப் புழு இருந்தால், லெஸ்ஸர் ஸ்டாக் பீட்டிலாக இருக்கலாம். அது நம் பெரிய வண்டின் சின்னத் தம்பி மாதிரி. அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

வளர்ந்த வண்டுகளில் குழப்பம் வருவது பெண் மான்கொம்பு வண்டுக்கும் இந்தச் சின்னத் தம்பிக்கும் நடுவில்தான். சின்னது முழுக்க முழுக்க மங்கிய கறுப்பு, தலை உடம்பளவு அகலம், 32 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பெரியவளுக்கு இறக்கை ஓடு அடர்ந்த பழுப்பு, பளபளக்கும். தலை உடம்பைவிடக் குறுகல். கரப்பானோ வேறு சாதி: தட்டையான உடம்பு, உடம்பளவு நீண்ட நூல் போன்ற உணர்கொம்பு, வெளிச்சத்தைக் கண்டால் ஓட்டம். வண்டு ஓடாது. பாரம் சுமந்த கர்ப்பிணி போல மெதுவாக நடக்கும். பொதுவாக வண்டு என்று தெரிந்துகொள்ள முதுகைப் பாருங்கள்: இரண்டு கடினமான ஓடுகள், நடுவில் நேர்க்கோடாகச் சந்திக்கும். முதுகில் குறுக்கே எக்ஸ் போலத் தெரிந்தால் அது வண்டு அல்ல, மூட்டைப்பூச்சி இனத்தைச் சேர்ந்த வேறு பூச்சி.

கடிக்குமா என்பதுதான் அம்மாமார் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. நர்ஸ் என்கிற முறையில் சொல்கிறேன்: விஷம் கிடையாது. ஆண் வண்டின் கொம்பு பயங்கரமாகத் தெரிந்தாலும் அது இன்னொரு ஆணோடு மல்லுக்கட்டத்தான். நீளமான தாடைக்குப் பிடியில் பலம் குறைவு. உண்மையில் குட்டைத் தாடை வைத்திருக்கிற பெண்தான் கொஞ்சம் அழுத்திக் கிள்ளும். கிள்ளினால் பிடித்து இழுக்காதீர்கள்; கையைத் தரையில் வைத்தால் பெரும்பாலும் தானே விட்டுவிட்டு நடக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஏ அண்ட் இ வேண்டாம், தயவுசெய்து.

வண்டால் தோலுக்கு ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஊரில் நர்சிங் படித்தபோது மழைக்காலத்தில் விடுதி முழுவதும் ஒரு தொல்லை. இரவில் படுக்கும்போது ஒன்றுமிருக்காது. காலையில் கழுத்தில், முகத்தில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடு, மறுநாள் கொப்புளம். அக்கி என்று நினைத்துச் செம்மண் பூசியவர்களும் உண்டு. காரணம் எறும்பு போல மெலிந்த, ஆரஞ்சும் கறுப்புமான ஒரு சிறு வண்டு, பெடிரஸ். அது கடிக்கவில்லை, கொட்டவில்லை. தூக்கத்தில் நாம் அதைத் தோலில் வைத்து நசுக்கினபோது அதன் உடம்பிலுள்ள பெடிரின் என்ற ரசாயனம் பட்டதுதான். எங்கள் வார்டன் அம்மா சொல்லிக்கொடுத்த வைத்தியம் இன்றும் சரியானது: மேலே வந்தால் அடிக்காதே, ஊதிவிடு, பட்டுவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும். லண்டனில் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக மற்றச் சிலதையும் போகிறபோக்கில் சொல்கிறேன். மே மாத இரவில் வெளிச்சமான ஜன்னலில் கல்லெறிந்ததுபோல் 'டொப்' என்று மோதுகிறது காக்சேஃபர். பழுப்பு ஓடு, விசிறி போன்ற உணர்கொம்பு, விலாவில் வெள்ளை முக்கோணங்கள். வார்டில் முதல்முறை கேட்டபோது நான் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டேன். தேள் போல வாலைத் தூக்கிக்காட்டுகிற நீண்ட கறுப்பு வண்டு தேள் இல்லை, கொடுக்கும் கிடையாது. ஆங்கிலத்தில் அதற்குப் பிசாசின் ரதக்குதிரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாவம், அது நத்தைகளைத் தின்று தோட்டத்துக்கு நன்மைதான் செய்கிறது. ஆலயத்துக்கு லில்லிப் பூ அலங்கரிக்கிற ஆன்ட்டிமார் அறிந்திருப்பார்கள், இலையைச் சல்லடையாக்குகிற செக்கச்சிவந்த வண்டு ஒன்று உண்டு. அதைப் பிடித்துக் காதருகே வைத்தால் கீச்சென்று சத்தம் போடும். அதற்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. குளிர்காலத்தில் ஜன்னல் சட்டத்தில் கூட்டமாகப் பதுங்குகிற புள்ளி வண்டுகள் பல ஹார்லிகுயின் இனம். 2004-ல்தான் இந்த நாட்டில் முதலில் காணப்பட்டன, இப்போது எங்கும். தொட்டால் மஞ்சள் நீர் விடும், திரைச்சீலையில் கறை படும்.

இந்த நாட்டில் மட்டும் சுமார் 4,000 வகை வண்டு. உலகத்தில் பெயரிடப்பட்டவை நான்கு லட்சத்துக்குக் கிட்ட. ஹால்டேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பிற்காலத்தில் இந்தியாவுக்குக் குடிவந்து 1964-ல் புவனேஸ்வரில் மரித்தவர். சிருஷ்டியைப் படித்ததில் சிருஷ்டிகரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர் என்று போதகர்கள் கேட்டதற்கு, அவருக்கு வண்டுகள்மேல் அளவுகடந்த பிரியம் போலிருக்கிறது என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் விசுவாசி இல்லை, கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கென்னவோ கிண்டலாகக் கேட்கவில்லை. டார்வினும் போதகர் ஆவதற்குத்தான் 1828-ல் கேம்பிரிட்ஜ் போனார்; படித்ததைவிட வண்டு பிடித்ததுதான் அதிகம். இரண்டு கையிலும் அபூர்வ வண்டு இருக்க மூன்றாவதைக் கண்டு, கையிலிருந்த ஒன்றை வாய்க்குள் போட்டுக்கொண்டாராம். அது நாக்கில் காரமான நீரைப் பீச்சியடிக்க, துப்பிவிட்டார். மூன்றாவதும் போயிற்று. வாயில் எதையும் போட வேண்டாம் பிள்ளைகளே.

நம் வண்டுக்கு வருகிறேன். தெற்கு லண்டனில் இருப்பவர்கள் உண்மையில் அதிர்ஷ்டசாலிகள். பிரிட்டனின் பெரும்பகுதியில் இதைப் பார்க்கவே முடியாது. தேம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, நியூ ஃபாரஸ்ட், எசெக்ஸ் - சஃபோக் கரையோரம், அதோடு லண்டனின் தென்பகுதித் தோட்டங்கள், இவ்வளவுதான் அதன் உலகம். ரிச்மண்ட் பார்க்கும் விம்பிள்டன் காமனும் இந்த வண்டுக்காகவே விசேஷப் பாதுகாப்பு பெற்றவை. ரிச்மண்ட் பார்க்கில் மட்டும் 1,350-க்கு மேற்பட்ட வண்டு வகைகள் பதிவாகியிருக்கின்றன. அங்கே சபைச் சுற்றுலா போனபோது, விழுந்த ஓக் மரங்களை ஏன் எடுக்காமல் போட்டிருக்கிறார்கள், இவ்வளவு பணக்கார நாட்டில் ஆள் இல்லையா என்று ஒருவர் கேட்டார். சோம்பலால் அல்ல; வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். டென்மார்க்கில் இந்த வண்டு ஒரு காலத்தில் அடியோடு இல்லாமல் போய்விட்டது. இங்கே குறைவதற்குக் காரணம் கொடியவர்கள் யாரும் இல்லை. சுத்தம் விரும்புகிற நல்ல மனிதர்கள்தான். அடிக்கட்டையை அரைத்து எடுப்பது, முன்தோட்டத்தைக் கார் நிறுத்தக் கல் பதிப்பது, பின்தோட்டத்தில் டெக்கிங் போடுவது. நம் வீடுகளில் எத்தனையில் மண் மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதுமாயிருந்தது. பெண் வண்டு தான் வெளிவந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகிற ரகமும் இல்லை. ஒரு கட்டை போனால் அந்தத் தெருவிலிருந்தே போய்விடலாம்.

ஆகவே ஜூன் மாதம் வண்டைக் கண்டால் என்ன செய்யலாம்? பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமலிருப்பதுதான் உதவி. மல்லாந்து கிடந்தால் ஒரு குச்சியை நீட்டுங்கள், பிடித்துத் திரும்பிக்கொள்ளும். ரோட்டிலோ நடைபாதையிலோ இருந்தால், உடம்பின் இரண்டு பக்கமும் மெதுவாகப் பிடித்து, பக்கத்திலேயே செடி நிழலில் வையுங்கள். காரில் ஏற்றி ரிச்மண்ட் பார்க்குக்குக் கொண்டுபோகாதீர்கள். அது தேடுகிற கட்டை அந்தத் தெருவில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மிதந்தால் செத்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். கரண்டியால் எடுத்து நிழலில் வைத்தால் சிலது சற்று நேரத்தில் காலை அசைக்கும். பூனை அடித்துப் பலவீனமாக இருந்தால் காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில் ஈர டிஷ்யூவும் கனிந்த பழத்துண்டும் வைத்து, அன்று அந்தி சாய்ந்ததும் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். அதற்கு இருப்பது சில வாரம்தான், அதில் ஒரு இரவைக்கூடப் பெட்டியில் கழிக்க விடாதீர்கள். மாக்பை பறவை வயிற்றைத் தின்றுவிட்டுத் தலையையும் கொம்பையும் நடைபாதையில் போட்டுவிடும். அந்தத் தலை சில சமயம் அசைந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், அருகில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

இதை விற்பதும் குற்றம், 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி. பார்த்தால் பதிவு செய்யலாம். பீப்பிள்ஸ் டிரஸ்ட் ஃபார் எண்டேஞ்சர்ட் ஸ்பீசீஸ் என்ற தொண்டு நிறுவனம் 1998 முதல் 'கிரேட் ஸ்டாக் ஹன்ட்' என்று பொதுமக்களிடமிருந்து விவரம் சேர்க்கிறது. தேதி, இடம், ஆணா பெண்ணா, ஒரு படம். ஐந்து நிமிட வேலை. செத்ததைக் கண்டாலும் அனுப்பலாம். நான் செருப்பால் அடித்ததையும் அனுப்பினேன்.

சின்ன வயதில் நாசரேத்தில் நாங்கள் பொன்வண்டு பிடிப்போம். உடைமரத்தில் இருக்கும். தீப்பெட்டியில் அதே மரத்து இலையைப் போட்டு அடைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், யாருடையது முட்டை போட்டது என்று போட்டி. முட்டை போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ அது செத்துவிடும். நன்றாகத்தானே வைத்திருந்தோம், இலையெல்லாம் போட்டோமே என்று அழுவேன். அன்பில்லாமல் அடைக்கவில்லை. தீப்பெட்டி போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் மாதத்துக் கதையின் மீதி இது. மிஞ்சிய ஏழு புழுக்களையும் அதே குழியில், அதே மரத்தூளில் வைத்து மூடினோம். மூடும்போது அங்கிள்தான் மண்ணை அள்ளிப் போட்டார், "இறுக்கி மிதிக்காதேங்கோ" என்று மற்றவர்களுக்கு உத்தரவும் போட்டார். அடுத்த ஞாயிறு செயற்குழுவில் எழுந்து பேசியது நான் இல்லை, அந்தத் தம்பி. தமிழில் திக்கித் திக்கிப் பேசினான். தளக்கல்லுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்றார் பொருளாளர், அதுவும் நியாயம்தான். கடைசியில் கல்லைச் சுவரோரம் சின்னதாகப் பதித்து, பெஞ்சு ஒன்று போடுவதாக முடிவானது. நான்கு பேர் உட்காரலாம். எட்டுப் பேருக்கு என்று நினைத்திருந்தோம். அந்தக் குறை இன்னும் சில அம்மாமாருக்கு இருக்கிறது, எனக்கும் தெரியும். கட்டைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஒரு மரக்கட்டைக் குவியல் செய்தார்கள்: ஓக், ஆப்பிள், செர்ரிக் கட்டைகள், சுமார் 60 சென்டிமீட்டர் குழியில் செங்குத்தாக நட்டு இடையில் மண் நிரப்பி, பாதி நிழல் விழுகிற இடத்தில். பெயின்ட் அடித்ததோ மருந்து போட்டதோ, பைன் மரமோ கூடாது. அது மக்கி வண்டு குடியேற வருடங்கள் ஆகும். நட்டவர்கள் அதற்குள் யூனிவர்சிட்டிக்குப் போயிருப்பார்கள்.

புழுக்களுக்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கியோ. ஆனால் அவற்றின் அண்ணன் அக்காமார் போன இலையுதிர் காலத்திலேயே வண்டாகி அந்தக் கட்டைக்கருகே படுத்திருக்கலாமே என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வெப்பமான, புழுக்கமான மாலையில், இருட்டுகிற நேரம்தான் ஆண் வண்டு பறக்கும். செங்குத்தாக நின்றபடி, தள்ளாடி, சின்ன ஹெலிகாப்டர் மாதிரிச் சத்தத்தோடு. ஜூன் முழுவதும் எனக்கு இரவு டியூட்டியாகவே விழுந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து கதவு பூட்டுகிற பொறுப்பு அங்கிளுக்கு. அவரிடம், முடிந்தால் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை இருக்கும், மருந்து கொடுத்து முடித்துப் போனைப் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம். பாதி இருட்டு, செங்கல் சுவர், அதில் மங்கலாக ஒரு ஜோடிக் கொம்பு. கீழே அங்கிள் எழுதியிருந்தார்: "பிள்ளை, ஆள் வந்திட்டார்."